பொகோத்தாவின் அஹியாக்கோ: கோழிச் சாறா, உருளைக்கிழங்குச் சாறா?

கோவை அடுக்களை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொலம்பியாவின் தலைநகரமான பொகோத்தாவில் வீடுதோறும் சமைக்கப்படும் அஹியாக்கோ என்ற கோழி உருளைக்கிழங்குச் சாற்றைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகச் செய்து பார்த்தேன். படங்களில் அது இளமஞ்சள் நிறத்தில், கரண்டியை மெல்ல இறக்கினால் தயங்கித் தயங்கி மூடிக்கொள்ளும் அளவுக்குத் திட்பமாக இருந்தது. என் பாத்திரத்தில் வந்ததோ வெளுத்த தண்ணீரும், அதில் விறைத்து மிதந்த உருளைக்கிழங்குத் துண்டுகளும்தாம்.

நான் செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பில் மூன்று வகை உருளைக்கிழங்கு கேட்டிருந்தார்கள். எங்கள் தெருக்கடையில் ஒரே வகைதான் இருந்ததால் அதிலேயே ஒன்றரைக் கிலோ வாங்கினேன். கோழியின் கவிச்சை போகட்டும் என்று நம் வழக்கப்படி தொடக்கத்திலேயே ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். குவாஸ்கஸ் என்றொரு கீரை வேண்டும் என்றார்கள். அது கிடைக்காததால் இரண்டு கட்டுக் கொத்தமல்லித் தழையைப் போட்டேன். கடைசியில், சாறு கெட்டியாகட்டும் என்று பாலேட்டை அடுப்பிலேயே ஊற்றினேன். அது திரிந்து போயிற்று. ஒரு வாய் சாப்பிட்ட என் கணவர் "உருளைக்கிழங்கு போட்ட கோழி ரசம்" என்று பெயர் வைத்துவிட்டு மோர்ச்சோற்றுக்குப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம் கொதித்தும் கிழங்கு ஏன் கரையவில்லை? அந்தக் கீரை இல்லாமல் இதைச் செய்யவே கூடாதா? தெரிந்தவர்கள் சொன்னால் மறுபடியும் முயல்வேன்.

பொகோத்தாவில் ஒருவன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பணி நிமித்தமாக நான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். அலுவலகத்துக்கு அருகில் உள்ள உணவகங்களில் தொடங்கி, நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டியின் அடுக்களை வரை இந்தச் சாற்றைப் பல கைகளில் சாப்பிட்டிருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இதைக் கோழிச் சாறு என்று எண்ணிச் செய்கிறவர்கள் எல்லோரும் தோற்றுப் போகிறார்கள். அஹியாக்கோ உருளைக்கிழங்கின் சாறு. கோழி அதற்குச் சுவை கூட்டிவிட்டு, நாராகக் கிழிபட்டு, ஓரமாக உட்கார்ந்துகொள்ளும் துணைப்பொருள். மைதாவோ சோளமாவோ முட்டையோ எதுவும் இதில் சேர்வதில்லை. கெட்டித்தன்மை முழுவதும் கிழங்கு கரைவதால் மட்டுமே வருகிறது. மூன்று வகைக் கிழங்கு கேட்பதன் காரணமும் அதுவே.

இங்கே பலோகெமாவோ சந்தையில் கிழங்குக் கடை முன்னால் நின்று "அஹியாக்கோவுக்கு" என்று சொன்னால் போதும். கடைக்காரர் மறுபேச்சின்றி மூன்று குவியல்களிலிருந்து அள்ளிப் போடுவார். முதலாவது பாப்பா கிரியோயா: எலுமிச்சையிலிருந்து கோழிமுட்டை வரையிலான பருமன், முட்டைக் கருவின் மஞ்சள், சீவத் தேவையில்லாத மெல்லிய தோல். இது கொதியில் இருந்த இடம் தெரியாமல் கரைந்து, சாற்றுக்கு நிறத்தையும் வழவழப்பையும் தருகிறது. இரண்டாவது பாப்பா பாஸ்தூசா: தெற்கே ஈக்வடார் எல்லைப் பக்கமுள்ள பாஸ்தோ நகரத்தின் பெயரைச் சுமக்கும் மாவுக்கிழங்கு. இது விளிம்புகள் உதிர்ந்து பாதி கரையும், பாதி நிற்கும். மூன்றாவது பாப்பா சபனேரா: பொகோத்தா அமர்ந்திருக்கும் சபானா என்ற உயர்சமவெளியின் கிழங்கு, ஊதாத் தோல் உடையது. எவ்வளவு கொதித்தாலும் உருக்குலையாமல் பல்லுக்கு அகப்படும். ஒன்று சாறாகிறது, ஒன்று கூழாகிறது, ஒன்று துண்டாக நிற்கிறது. இந்த மூன்றில் ஒரு வேலை விடுபட்டாலும் அது வேறொரு சாறு.

செய்முறை எளிது. கோழியின் நெஞ்சுக்கறியை எலும்போடு, நீண்ட வெங்காயத் தாள், பூண்டு, சிறிது கொத்தமல்லித் தழை, உப்பு ஆகியவற்றுடன் வேகவைத்துக் கறியைத் தனியே எடுத்துவிடுவார்கள். அந்தச் சாற்றில் சபனேராவும் பாஸ்தூசாவும் தடித்த வில்லைகளாகப் போகும். மக்காச்சோளக் கதிர் இரண்டு மூன்று துண்டாக வெட்டப்பட்டுக் கூடவே போகும். கிரியோயாவை எப்போது போடுவது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. எங்கள் மூதாட்டி பாதியை முதலிலும் பாதியைக் கடைசி இருபது நிமிடத்திலும் போடுகிறார். முதல் பாதி சாற்றுக்காம், இரண்டாம் பாதி கண்ணுக்காம். குவாஸ்கஸ் இறுதிக் கட்டத்தில் சேரும். இறக்கிய பிறகு கிழித்த கோழிக்கறி கிண்ணத்தில் வைக்கப்பட்டு, மேலே சாறு ஊற்றப்படும்.

பாலேடு அடுப்புக்கு வருவதே இல்லை. அதுவும், உப்பு நீரில் ஊறிய கேப்பர் என்ற பூமொட்டுகளும், வெண்ணெய்ப் பழத் துண்டுகளும், வெள்ளைச் சோறும் மேசையில் தனித்தனியே வைக்கப்படும். அவரவர் கிண்ணத்தில் அவரவர் கலந்துகொள்ள வேண்டியதுதான்.

சுவைப்பித்தன் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆயினும் சற்று மிகையாகவே தோன்றுகிறது. கோழியும் கிழங்கும் சேர்ந்த சாறு தென் அமெரிக்காவில் எங்கேதான் இல்லை? கொலம்பியாவிலேயே கரையோர மாநிலங்களில் மரவள்ளியும் வாழைக்காயும் போட்டுச் சான்கோச்சோ செய்கிறார்கள். சிலியில் ஆளுக்கு ஒரு முழு உருளைக்கிழங்கும் ஒரு துண்டு பூசணியும் வைத்துக் கசுவேலா பரிமாறுகிறார்கள். இவை எல்லாம் கிடைத்த கிழங்கைப் போட்டுச் செய்யும் ஏழை வீட்டு உணவுகள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மூன்று கிழங்கு இல்லாவிட்டால் தீட்டு என்பதுபோல் விதி எழுதுவது பிற்கால உணவகங்களின் வேலையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. 'அஹி' என்றால் அந்த நாடுகளில் மிளகாய் என்பது பொருள். கரீபியத் தீவுகளின் தாயினோ மக்களிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட சொல் அது. மிளகாயின் பெயரைத் தாங்கிய சாற்றில் ஒரு மிளகாய்கூட இல்லை என்றால் எதைப் பாரம்பரியம் என்கிறீர்கள்?

வேதியியல் வாத்தியார் எழுதியது:

பாரம்பரியச் சண்டையை நீங்கள் நடத்துங்கள். நான் கோவைச் சகோதரியின் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மா, உங்கள் கிழங்கைக் கரையவிடாமல் தடுத்தது அந்த எலுமிச்சை. உருளைக்கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். கொதிநீரில் அது இளகினால்தான் செல்கள் பிரிந்து, கிழங்கு உதிர்ந்து, மாவு சாற்றில் கலக்கும். புளிப்பு சேர்ந்த நீரில் பெக்டின் எளிதில் இளகாது. புளி ஊற்றிய பிறகு கிழங்கு வேக மறுப்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். புளிக்குழம்பில் காயை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு புளி கரைத்து ஊற்றுவது இதனால்தான். நீங்கள் குழம்பில் கடைப்பிடிக்கும் ஒழுங்கைச் சாற்றில் மறந்துவிட்டீர்கள். பாலேடு திரிந்ததற்கும் அதே எலுமிச்சையே முக்கியக் காரணம். பொகோத்தாக்காரர்கள் புளிப்பான கேப்பரை மேசையில் வைப்பதைக் கவனித்தீர்களா? அவர்கள் பெக்டினைப் படித்து வைக்கவில்லை, ஆனாலும் கிழங்கு கரைந்து முடிந்த பிறகே புளிப்பு உள்ளே வருகிறது.

கூடுதலாக ஒன்று. பொகோத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே எழுதப்பட்ட குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தால் கோவையில் அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. எலுமிச்சை இல்லாமல் செய்யுங்கள். உங்கள் ஊர்க் கொதியில் ஐம்பது நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

கோவை அடுக்களை எழுதியது:

ஐயா, எலுமிச்சையை நான் கனவிலும் சந்தேகப்படவில்லை. மிக்க நன்றி. குவாஸ்கஸ் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

நியூ ஜெர்சி வாசகி எழுதியது:

எங்கள் ஊரில் கொலம்பியர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய மளிகைக் கடையில் காய்ந்த குவாஸ்கஸ் சிறு நெகிழிப் பையில் கிடைக்கிறது. பார்ப்பதற்கு நம் கசூரி மேத்தியைப் போலவே இருக்கும். முதல் முறை பையைப் பிரித்து முகர்ந்தபோது ஏமாந்தேன், வைக்கோல் வாசனைதான் வந்தது. ஆனால் கொதிக்கும் சாற்றில் விழுந்து ஐந்து நிமிடம் ஆனதும் அடுக்களையே மாறிவிட்டது. அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? மழை விட்ட பிறகு புல்வெட்டிய வரப்பில் நடப்பது போன்ற பச்சை வாடை, அதற்கு அடியில் லேசான மண்வாசம். கொத்தமல்லி இதற்கு ஈடாகாது. அது மேலே மிதக்கும் வாசம், இது கிழங்கோடு கலந்து கீழே தங்கும் வாசம்.

கிரியோயாக் கிழங்கு இங்கே உறைந்த நிலையில்தான் வருகிறது. பச்சையாக ஏன் விற்பதில்லை என்று கடைக்காரரிடம் கேட்டேன். "தூங்காத கிழங்கு, அம்மா" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எட்டுப் பேருக்கான சாற்றுக்கு நான் காய்ந்த இலையை மூன்று மேசைக்கரண்டி போடுகிறேன். கையால் நுணுக்கி, நரம்பையும் காம்பையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும்.

உதகைத் தோட்டக்காரர் எழுதியது:

தூங்காத கிழங்கு என்று அந்தக் கடைக்காரர் சொன்னது வேடிக்கையல்ல, தாவரவியல் உண்மை. சாதாரண உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்தால் இரண்டு மூன்று மாதங்களாவது முளை விடாமல் உறங்கும். அந்த உறக்கம் இருப்பதால்தான் நாம் மண்டியில் மூட்டை கட்டி வைக்க முடிகிறது. கிரியோயா சார்ந்த ஃபுரேஹா என்ற கிழங்குக் கூட்டத்துக்கு உறக்கம் கிடையாது. தோண்டிய சில நாட்களிலேயே முளை கட்டத் தொடங்கிவிடும். குரோமோசோம் எண்ணிக்கையும் வேறு: உலகம் முழுவதும் விளையும் கிழங்குக்கு 48, இதற்கு 24. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆண்டீஸ் மலையில் ஆண்டு முழுவதும் பயிர் செய்ய முடிவதால் அங்கே உறங்கும் கிழங்குக்குத் தேவை எழவில்லை. சேமிக்க முடியாத அந்தக் குணமே அதை வெளியூர் போகவிடாமல் தடுத்தது.

இனி குவாஸ்கஸ். இந்த இழையை இத்தனை நாள் படித்துவிட்டு நான் இன்று எழுத வந்ததற்குக் காரணம் அதுதான். அதன் தாவரவியல் பெயர் கலின்சோகா பார்விஃப்ளோரா. மத்ரீத் அரச தாவரவியல் பூங்காவோடு தொடர்புடைய கலின்சோகா என்ற ஸ்பானிய மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1796ஆம் ஆண்டில் பெருவிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து வேலி தாண்டி ஊர் முழுவதும் பரவிவிட்டது. ஆங்கிலேயருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'வீரச் சிப்பாய்' என்று பொருள்படும் ஒரு பெயராகத் திரித்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

நீலகிரியில் இந்தச் செடி எங்களுக்குத் தலைவலி. கேரட் வயலிலும் உருளை வயலிலும் தேயிலைக் கன்றுகளுக்கு நடுவிலும் களையாக முளைக்கும். நாற்பது ஆண்டுகளாகப் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்திருக்கிறேன். பத்தாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு தலைநகரமே இதை விலை கொடுத்து வாங்கிச் சாற்றில் போடுகிறது என்று இங்கே படித்த அன்றைக்கு, வரப்பில் கிடந்த குவியலைச் சற்று நேரம் நின்று பார்த்தேன்.

கோவைச் சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. சமவெளியில் வேலி ஓரமெல்லாம் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு, அதாவது மூக்குத்திப் பூண்டு, பூவைப் பார்த்தால் இதைப் போலவே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். இரண்டிலும் நடுவில் மஞ்சள் பொட்டும், சுற்றிலும் நுனி மூன்றாகப் பிளந்த வெளிறிய இதழ்களும் உண்டு. ஆனால் வெட்டுக்காயப் பூண்டு தரையில் படர்ந்து, ஒரு சாணுக்கு மேல் நீண்ட ஒற்றைக் காம்பில் பூவை உயர்த்திக் காட்டும். இலை சொரசொரப்பாகவும் ஆழ்ந்த பல் விளிம்போடும் இருக்கும். குவாஸ்கஸ் நிமிர்ந்து கிளைத்து வளரும். இலை மெத்தென்று இருக்கும். பூவோ மிளகளவு சிறியது, குட்டைக் காம்பில் கொத்தாக அமர்ந்திருக்கும். ஐயம் இருந்தால் பறிக்க வேண்டாம். ஐயம் இல்லாவிட்டாலும் வயலில் பறிக்க வேண்டாம், ஏனென்றால் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் விழாத மலைக்காய் வயல் இப்போது அரிது. வேண்டுமென்றால் என் வீட்டுக் கொல்லையில் வளர்ந்ததைப் பறித்து, நிழலில் உலர்த்தி வைக்கிறேன். உதகைப் பக்கம் வரும் உறவினர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

சுவைப்பித்தன் எழுதியது:

தோட்டக்காரர் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆனால் என் கேள்விக்கு விடை வரவில்லை. கோழி ஐரோப்பியர் கொண்டு போனது. பாலேடு அவர்கள் ஓட்டி வந்த மாடுகளின் வழியாக வந்தது. கேப்பர் மத்தியதரைக்கடல் சரக்கு. பக்கத்தில் வைக்கும் சோறும் வெளியிலிருந்து போனதே. பெயரோ கரீபியத் தீவினுடையது. இத்தனையும் வந்தேறிகளாக இருக்க, ஒரு களைச்செடி இல்லாவிட்டால் மட்டும் அஹியாக்கோ ஆகாது என்பது எந்த நியாயம்?

பொகோத்தாவில் ஒருவன் எழுதியது:

நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன பட்டியலை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது என்ன? கிழங்கு, மக்காச்சோளம், குவாஸ்கஸ். இந்த மூன்றும் இந்த உயர்சமவெளியில் முயிஸ்கா என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த காலத்திலிருந்தே இருப்பவை. ஸ்பானியப் படைத்தலைவர் ஹிமேனெஸ் தெ கெசாதா 1530களில் படையோடு மலையேறி வந்தபோது அவருடைய ஆட்கள் இந்தப் பகுதிகளில்தான் உருளைக்கிழங்கை முதலில் கண்டார்கள். அவர்களிடம் அதற்குப் பெயர் இல்லை. மண்ணுக்கடியில் விளையும் ஐரோப்பியக் காளானான துர்மாவை நினைத்துக்கொண்டு அந்தப் பெயரையே கிழங்குக்கும் இட்டார்கள். 1538இல் சாந்தாஃபே என்ற பெயரோடு இந்த பொகோத்தா ஊர் எழுந்தது. இன்றைக்கும் இந்தச் சாற்றை முழுப்பெயரில் 'அஹியாக்கோ சாந்தாஃபெரேன்யோ' என்றே சொல்கிறார்கள், அதாவது சாந்தாஃபேக்காரர்களின் அஹியாக்கோ.

அந்த அடைமொழி தேவைப்படுவதற்குக் காரணம், வெறும் அஹியாக்கோ பல நாடுகளில் இருப்பதுதான். கியூபாவில் அது பன்றிக்கறியும் மரவள்ளியும் வாழைக்காயும் சேம்பும் இன்னும் கையில் அகப்பட்டதெல்லாம் கூடிய குழம்பு. அந்நாட்டு அறிஞர் ஃபெர்னாந்தோ ஒர்த்தீஸ் 1939இல் ஹவானாப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது கியூபாவையே ஓர் அஹியாக்கோ என்றார். பெருவில் மஞ்சள் மிளகாய் விழுது சேர்த்த உருளைக்கிழங்குக் கூட்டுக்கு இதே பெயர். சிலியில் முந்தைய நாள் சுட்டு மிஞ்சிய மாட்டிறைச்சியைக் கிழங்கோடு கொதிக்கவைத்தால் அது அஹியாக்கோ. அங்கெல்லாம் மிளகாய் இருக்கிறது, ஆகவே பெயர் பொருந்துகிறது. பொகோத்தாவில் மட்டும் மிளகாய் பானையை விட்டு வெளியேறி, மேசை ஓரத்தில் சிறு கிண்ணத்துச் சட்னியாக நிற்கிறது. பெயர் நின்றுவிட்டது, பொருள் போய்விட்டது. நம் ரசத்தை ஆங்கிலேயர் 'மிளகுத்தண்ணி' என்று கொண்டு போய், அதில் மிளகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சவில்லையா?

ஆகவே என் நிலைப்பாடு இது: பொகோத்தாச் சாற்றைப் பிற அஹியாக்கோக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது கோழி அல்ல, பாலேடு அல்ல, கரையும் மஞ்சள் கிழங்கும் அந்தக் கீரையும்தாம். கேப்பர் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன், குறை தெரியவில்லை. ஒருமுறை அலுவலகத்தில் குவாஸ்கஸ் போடாமல் கொண்டு வந்தார்கள். என்னோடு வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நல்ல உருளைக்கிழங்குச் சாறு" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லவே இல்லை.

வேதியியல் வாத்தியார் எழுதியது:

கோவைச் சகோதரியின் கணவர் சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

கோவை அடுக்களை எழுதியது:

சிரித்துவிட்டேன். சரி, இனி வேலைக்கு வருவோம். தோட்டக்காரர் ஐயா, கீரையை அனுப்புகிறேன் என்றதற்கு நன்றி. அடுத்த வாரம் என் தம்பி குன்னூர் வருகிறான். நம் ஊரில் கிடைக்கும் கிழங்குகளில் எதை எதற்காகப் பயன்படுத்துவது? மஞ்சள் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடலாமா? கேப்பருக்கும் வழி சொல்லுங்கள், அந்தப் புட்டியின் விலையைப் பார்த்ததும் கடையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

உதகைத் தோட்டக்காரர் எழுதியது:

நம்மிடம் கிரியோயா இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆனால் மூன்று வேலைகளையும் இரண்டு கிழங்குகளிடம் வாங்கிவிடலாம். மேட்டுப்பாளையம் மண்டி வழியாகக் கோவைக்கு வரும் நீலகிரிக் கிழங்கில் பெரும்பாலும் குஃப்ரி ஜோதி வகைதான் இருக்கும். புதிதாகத் தோண்டிய ஈரக் கிழங்கு வேண்டாம். தோல் முற்றி, கட்டைவிரலால் தேய்த்தால் உரியாததாகப் பாருங்கள். அதில் பாதியைத் தோல் சீவி, விரற்கடை அளவுக்கும் குறைவான மெல்லிய வில்லைகளாக நறுக்கி முதலிலேயே போட்டுவிடுங்கள். அது கரைந்து சாறாகும். மீதியைப் பெரிய துண்டுகளாகப் பிறகு போடுங்கள். உருக்குலையாமல் நிற்பதற்குச் சிறிய புதுக்கிழங்கு கால் கிலோ போதும். தோலோடு இரண்டாக வெட்டிப் போட்டால் மாவு குறைவாக இருப்பதால் அப்படியே நிற்கும். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வெளியே வரும் மாவைக் கழுவிக் கொட்டிவிட்டுப் பிறகு சாறு கெட்டியாகவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் வடநாட்டுக் கிழங்கைத் தவிருங்கள். கடுங்குளிரில் நாட்கணக்கில் இருந்த கிழங்கில் மாவு சர்க்கரையாக மாறி, சாறு அசட்டுத் தித்திப்பாகிவிடும். மக்காச்சோளத்திலும் இனிப்புச் சோளம் ஆகாது; தள்ளுவண்டியில் சுட்டு விற்கும் நாட்டுக் கதிரே சரி, அங்கேயும் மாவு மிகுந்த கதிரைத்தான் போடுகிறார்கள்.

மஞ்சள்தூள் போட வேண்டாம். நிறம் வரும், கூடவே சாம்பார் வாசமும் வரும்.

கேப்பர் என்பது ஒரு புதர்ச்செடியின் விரியாத பூமொட்டு. அந்தச் செடிக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு உண்டு: ஆதொண்டை. இரண்டும் ஒரே பேரினம். நம்மவர்கள் ஆதொண்டையின் காயை உப்பில் போட்டு வற்றலாக்குகிறார்கள். மத்தியதரைக்கடல்காரர்கள் அவர்கள் ஊர்ச் செடியின் மொட்டை உப்பில் போடுகிறார்கள். அதற்காக ஆதொண்டை வற்றலைச் சாற்றில் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதன் கசப்பு வேறு. உங்களுக்குத் தேவை உப்பும் புளிப்பும் சேர்ந்த ஒரு கடி. பச்சை மாவடு இருந்தால் பொடியாக நறுக்கி மேசையில் வையுங்கள். கொலம்பியர் பார்த்தால் என்னைத் திட்டுவார்கள், நாக்கு திட்டாது.

நியூ ஜெர்சி வாசகி எழுதியது:

மஞ்சள்தூளைப் பற்றி ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நான் ஒருமுறை போட்டுப் பார்த்து, அதைப் பிறகு குருமாவாக மாற்ற வேண்டியதாயிற்று.

சுவைப்பித்தன் எழுதியது:

மாவடுவுக்கு இடம் உண்டு, கொத்தமல்லிக்கு மட்டும் இடம் இல்லையா? இந்த மன்றத்தின் நீதி எனக்கு விளங்கவில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

கொத்தமல்லிக்கும் இடம் உண்டு. கோழி வேகும்போது போடுகிறார்கள் என்று இரண்டாம் பதிவிலேயே இருக்கிறது. பேச்சு சாற்றை விட்டு நீதிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோவை அடுக்களை எழுதியது:

இரண்டாம் முயற்சியின் விவரம். தோட்டக்காரர் ஐயா அனுப்பிய உலர்ந்த இலை, செய்தித்தாளில் மடித்து, ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் வந்து சேர்ந்தது. நியூ ஜெர்சி அக்கா சொன்னபடி வைக்கோல் வாசனைதான்.

கோழியை எலும்போடு வேகவைத்து எடுத்துவிட்டு, ஐயா சொன்ன மெல்லிய வில்லைகளை முதலில் போட்டேன். பதினைந்தாவது நிமிடம் வரை ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வில்லைகளின் ஓரம் பஞ்சுபோல் ஆகி, கொதியின் சத்தமே மாறியது. தண்ணீர் கொதிக்கும் சலசலப்பு போய், கூழ் கொதிக்கும்போது வருமே, 'ப்ளக், ப்ளக்' என்ற தடித்த சத்தம், அது வந்துவிட்டது. அடி பிடிக்காமல் இருக்க அதன் பிறகு கரண்டியை விடவில்லை. பெரிய துண்டுகளையும் கதிரையும் போட்டேன், பிறகு புதுக்கிழங்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் நுணுக்கிய குவாஸ்கஸ் இரண்டு கரண்டி.

நிறம் படத்தில் பார்த்த மஞ்சள் அல்ல, பழைய காகிதத்தின் வெளிர்நிறம். ஆனால் கரண்டி நின்றது. வாசத்தை என்னால் நியூ ஜெர்சி அக்காவைவிட நன்றாகச் சொல்ல முடியாது. கணவர் முதல் கிண்ணத்தைப் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணத்துக்குச் சோற்றைப் போட்டுப் பிசையப் போனபோது நான்தான் தடுத்தேன். மாவடு பொருந்தியது. வெண்ணெய்ப் பழம் காயாக இருந்ததால் உதவவில்லை. ஆயினும் இதை அஹியாக்கோ என்று சொல்லலாமா என்று பொகோத்தாத் தம்பி தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலையில் எடுத்தால் களியைப் போல் இறுகிக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா?

பொகோத்தாவில் ஒருவன் எழுதியது:

கெடவில்லை, சகோதரி. இங்கேயும் மறுநாள் அப்படித்தான் இருக்கும். கரைந்த மாவு குளிரில் இறுகிக்கொள்கிறது. கால் பங்கு வெந்நீரோ மிஞ்சிய கோழிச் சாறோ ஊற்றி, சிறுதீயில் அடியைத் துழாவிக்கொண்டே சூடாக்குங்கள். உப்பு குறைவாகத் தெரியும். ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளுங்கள். குவாஸ்கஸையும் இன்னொரு கிள்ளு போடுங்கள், முதல் நாள் வாசம் இரவோடு இரவாகப் போயிருக்கும்.

தீர்ப்பு என்னுடையதல்ல. உங்கள் பதிவை எங்கள் மூதாட்டிக்கு ஸ்பானிய மொழியில் படித்துக் காட்டினேன். கிரியோயா இல்லை என்ற இடத்தில் முகம் சுளித்தார். குவாஸ்கஸ் உங்கள் மலையில் களையாக முளைக்கிறது என்றதும் நம்ப மறுத்து, படம் காட்டச் சொன்னார். தோட்டக்காரர் ஐயா ஒரு படம் எடுத்து அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். வரப்பில் பிடுங்கி எறிந்த குவியலின் படமாக மட்டும் வேண்டாம்.